செரிமானத்திற்குக் கனிகள் துணை செய்யுமா?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறத்தையும் மருந்தையும் அருகருகே வைத்து எண்ணியது தமிழ்ச் சமண மரபு. காரியாசான் தம் அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயர் சூட்டினார். அஃது ஐந்து வேர்களால் ஆகிய மருந்தின் பெயர். கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று பெயர் சூட்டினார். அஃது ஏலம் முதலிய ஆறு பொருள்களால் ஆகிய சூரணத்தின் பெயர். திருக்குறளும் மருந்து என்னும் அதிகாரத்தில், முன்னர் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையே வற்புறுத்துகிறது. ஆகவே திருவிழா மேடையில் வயிற்றைப் பற்றிப் பேசுவது மரபுக்குப் புறம்பானது அன்று.

இன்று எடுத்துக்கொண்ட வினா எளியது. நடுவயதைக் கடந்தோர்க்குக் கனிகள் செரிமானத்தில் உண்மையாகவே துணை செய்கின்றனவா? செய்யுமாயின் எந்தக் கனி, எவ்வளவு, எவ்வாறு?

இவ்வினா பல இல்லங்களில் ஓசையின்றி எழுந்து ஓசையின்றி அடங்கிவிடுகிறது. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை, வேர், கிழங்கு வகைகளை விலக்குதல், வடிகட்டிக் காய்ச்சிய நீரையே பருகுதல், அட்டமி, சதுர்த்தசி நாள்களில் நோன்பு என வாழ்ந்துவரும் முதியோர் பலர், மலச்சிக்கலை வெளியே சொல்லக் கூசுகின்றனர். சிலர் கடையில் கிடைக்கும் பேதி மருந்தை நாள்தோறும் விழுங்குகின்றனர். வேறு சிலர், நோன்பினால்தான் இவ்வுபாதை வந்தது போலும் என்று மனம் தளர்கின்றனர். நோன்பை விடுவதா, உடலை வருத்துவதா என்னும் அந்தத் தளர்ச்சிக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

செரிமானம் என்பது எது?

'செரிக்கவில்லை' என்னும் ஒரு சொல்லில் மக்கள் பல துன்பங்களை அடக்கிவிடுகின்றனர். நெஞ்செரிச்சலும் செரியாமைதான், வயிற்று உப்பிசமும் செரியாமைதான், இரண்டு நாள் மலம் கழியாமையும் செரியாமைதான். ஆயினும் இவை வெவ்வேறு இடங்களில் நிகழ்வன.

உணவு இரைப்பையில் அமிலத்தோடு கலந்து கூழாகிறது. சிறுகுடலில் கணையநீரும் பித்தநீரும் சேர, மாவும் புரதமும் கொழுப்பும் சிறு கூறுகளாகப் பிரிந்து குருதியில் கலக்கின்றன. செரிமானம் என்னும் பெயர் முறையாகப் பொருந்துவது இப்பகுதிக்கே. செரியாது எஞ்சிய நார்ப்பொருள் பெருங்குடலை அடைகிறது. அங்கே நீர் உறிஞ்சப்படுகிறது, கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரின் ஒரு பகுதியை நொதிக்கச் செய்கின்றன, எஞ்சியது மலமாகிறது. இரைப்பையையும் சிறுகுடலையும் சில மணி நேரத்தில் கடந்துவிடும் உணவு, பெருங்குடலில் ஒரு நாளோ அதற்கு மேலோ தங்குகிறது.

முதுமையில் பெரிதும் தளர்வது பெருங்குடலின் இந்த இயக்கமே. நடை குறைகிறது, தாக உணர்வு குறைகிறது, பல் தேய்ந்ததனால் மென்று உண்ணும் காய்கனிகள் குறைகின்றன. இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரத்தக் கொதிப்புக்குரிய மாத்திரைகளில் சில, வலி நீக்கும் வன்மருந்துகள் ஆகியனவும் குடலை மந்தப்படுத்துகின்றன. எனவே மலச்சிக்கல் கண்டவுடன் நோன்பின்மேல் பழி சுமத்துவதற்கு முன், மருந்துச் சீட்டை எடுத்துப் பார்ப்பது நன்று.

நாள்தோறும் ஒருமுறை கழிந்தே ஆகவேண்டும் என்பதும் கட்டாயம் அன்று. நாளொன்றுக்கு 3 முறை முதல் வாரத்திற்கு 3 முறை வரை இயல்பு என்றே மருத்துவம் கொள்கிறது. முக்கி வருந்துதல், கட்டியாகக் கழிதல், முழுமையாகக் கழியாத உணர்வு ஆகியவையே கவனிக்கத்தக்கவை.

நொதியா, நாரா?

பப்பாளி உண்டால் செரிக்கும், அன்னாசி உண்டால் செரிக்கும் என்னும் வழக்கு நெடுங்காலமாக உள்ளது. இதற்குக் காரணமாகக் கூறப்படுவன அவற்றிலுள்ள நொதிகள். பப்பாளியில் பப்பெயின், அன்னாசியில் புரோமலின், கிவிப்பழத்தில் ஆக்டினிடின் என்பன புரதத்தைச் சிதைக்கும் நொதிகள். இதில் ஐயமில்லை. பச்சை அன்னாசித் துண்டைப் பாலில் இட்டுச் சிறிது நேரம் வைத்தால் பால் கசந்துபோவதை இல்லத்தரசியர் அறிவர். பாலின் புரதத்தை அந்நொதி அறுப்பதே அதற்குக் காரணம்.

ஆனால் ஒன்றை நோக்க வேண்டும். பப்பெயின் மிகுந்திருப்பது பப்பாளிக் காயின் பாலில், கனியில் அன்று. காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றுகிறது, நொதியும் குறைகிறது. பப்பெயின் எடுக்கும் தொழிலில் ஈடுபடுவோர் மரத்தில் தொங்கும் முதிர்ந்த பச்சைக் காயின் தோலில் கீறலிட்டே பால் வடிக்கின்றனர். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5 முதலிய பப்பாளி இரகங்களை இத்தொழிலுக்கும் உகந்தவையாக உருவாக்கியது. நன்கு பழுத்த பப்பாளியை உண்பவர், நொதிக்காக உண்பதாக எண்ணினால், அவர் எதிர்பார்ப்பதில் சிறு பங்கே அதில் உண்டு. அன்னாசியை வேகவைத்தாலும், பாகில் இட்டு டப்பாவில் அடைத்தாலும் வெப்பத்தால் நொதி அழிந்துவிடும். மேலும், உடல்நலம் உள்ளவரின் இரைப்பையும் கணையமும் தமக்கு வேண்டிய நொதிகளைத் தாமே நிறையச் சுரக்கின்றன.

அங்ஙனமாயின் பழுத்த பப்பாளியால் பயன் இல்லையா? உண்டு. அப்பயன் பெருங்குடலில் உண்டு. அதன் நாரும் நீரும் மலத்தை மென்மையாக்குகின்றன. ஆகவே கனிகள் பெரிதும் துணை செய்வது உணவைக் கரைப்பதற்கு அன்று; எஞ்சியதை இடரின்றி வெளியேற்றுவதற்கே. இந்த வேறுபாட்டை உணர்ந்தால், எதற்காகக் கனி உண்பது, எதற்காக மருத்துவரை நாடுவது என்பது தானே விளங்கும்.

கனியின் துணை மூன்று வகையில் அமைகிறது. முதலாவது கரையா நார். தோலிலும் சக்கையிலும் உள்ள இந்நார் மலத்திற்குப் பருமன் தந்து குடலை இயங்கத் தூண்டுகிறது. இரண்டாவது கரையும் நார். கொய்யா, ஆரஞ்சு, ஆப்பிள் போன்றவற்றிலுள்ள பெக்டின் இவ்வகையது; நீரை ஈர்த்துக் குழைந்து மலத்தை நெகிழ்விக்கிறது; குடல் நுண்ணுயிர்களுக்கு உணவாகவும் ஆகிறது. மூன்றாவது சார்பிட்டால் என்னும் ஒருவகை இனிப்புப்பொருள். இது முழுவதும் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை சென்று அங்கே நீரை ஈர்க்கிறது. உலர்ந்த பிளம் பழத்தில், அதாவது கடைகளில் புரூன் என்று விற்கப்படுவதில், 100 கிராமுக்கு ஏறத்தாழ 15 கிராம் சார்பிட்டால் உள்ளது. அதன் புகழுக்கு நாரும் சார்பிட்டாலும் சேர்ந்தே காரணம்.

ஆய்வுகள் கூறுவது

இவை வெறும் கருத்துகள் அல்ல, ஆய்ந்து பார்க்கப்பட்டவை. 2011ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நெடுநாள் மலச்சிக்கல் உடைய 40 பேருக்கு நாள்தோறும் இருமுறை 50 கிராம் உலர்ந்த பிளம் பழம் 3 வாரம் தரப்பட்டது. அதே அளவு நார் தரும் இசப்கோல் உமியோடு ஒப்பிட்டபோது, பழம் உண்டபோதே மலம் மென்மையாகவும் கூடுதல் முறையும் கழிந்தது. 2021இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில் 79 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு நாளொன்றுக்கு 2 கிவிப்பழம், ஒரு பிரிவினர்க்கு 100 கிராம் உலர்ந்த பிளம், ஒரு பிரிவினர்க்கு 12 கிராம் இசப்கோல் என 4 வாரம் தரப்பட்டன. மூன்றுமே பயன் தந்தன. உபாதை குறைவாக இருந்தது கிவிப்பழத்தில். நியூசிலாந்து, இத்தாலி, ஜப்பான் ஆகிய 3 நாடுகளில் நடந்த ஆய்வும் நாளொன்றுக்கு 2 பச்சைக் கிவிப்பழம் பயன் தருவதையே காட்டியது.

இவ்வாய்வுகளின் எல்லையையும் சொல்லிவிடுவதே நேர்மை. பங்கேற்றோர் தொகை சிறிது. நடந்த காலமும் சில வாரங்களே. இவற்றுள் சிலவற்றுக்குப் பழ வணிகத்தாரே பொருளுதவி செய்துள்ளனர். எனினும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு பழங்களில் ஒத்த விளைவு தோன்றுவதால், மலச்சிக்கலுக்குக் கனி துணை செய்யும் என்னும் முடிவைத் தயக்கமின்றி ஏற்கலாம். நெஞ்செரிச்சலுக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் கனி மருந்தாகும் என்பதற்கு இவ்வாய்வுகள் சான்றாகா.

கிவியும் பிளமும் விலை மிக்கவை. எல்லா ஊர்களிலும் கிடைப்பனவும் அல்ல. அதனால் கவலை கொள்ள வேண்டியதில்லை. நாரின் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். 100 கிராம் கிவிப்பழத்தில் ஏறத்தாழ 3 கிராம் நார். கொய்யாவில் 5 கிராமுக்கு மேல். மாதுளையில் ஏறத்தாழ 4 கிராம். வாழைப்பழம், ஆரஞ்சு, தோலுடன் கூடிய ஆப்பிள் ஆகியவற்றில் ஏறத்தாழ இரண்டரை கிராம். பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். திராட்சையில் 1 கிராமுக்கும் குறைவு. தர்ப்பூசணியில் அரை கிராமுக்கும் குறைவு. வண்டிக்காரரிடம் வாங்கும் கொய்யா, கடல் கடந்து வரும் பழத்திற்கு நாரில் தாழ்ந்தது அன்று.

வாழைப்பழத்தைப் பற்றி எழும் ஐயத்திற்கும் இங்கே விடை கூறலாம். அது மலத்தை இளக்குமா, கட்டுமா என்று கேட்பர். காய்ப்பதம் மாறாத பழத்தில் எளிதில் செரியாத மாவு மிகுதி. அது சிலர்க்கு வயிற்றைக் கட்டும். நன்கு கனிந்ததில் அம்மாவு பெரிதும் சர்க்கரையாக மாறிவிடுகிறது. மலச்சிக்கல் உடையவர் தோலில் புள்ளி விழுந்த, நன்கு கனிந்த பழத்தையே கொள்ள வேண்டும்.

நோன்புக்கு இசைந்த தேர்வு

செரிமானத்திற்கு அத்திப்பழத்தைத் தேனில் ஊறவைத்து உண்ணுமாறு பலரும் அறிவுரை கூறக் கேட்டிருக்கலாம். ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகை மரக் கனிகளையும் தேனையும் விலக்கி வாழும் இல்லறத்தார்க்கு இவ்வறிவுரை பொருந்தாது. அத்தி இனத்துக் கனியின் உள்ளே நுண்குளவிகள் புகுந்து முட்டையிட்டு வளர்வதைத் தாவரவியல் இன்று விரிவாக விளக்குகிறது. முன்னோர் அக்கனிகளை விலக்கியதன் காரணம் இன்றைய நுண்ணோக்கியின் கீழும் தெளிவாகவே தெரிகிறது. அத்தியை விலக்குவதனால் குடலுக்கு இழப்பு ஏதும் இல்லை. அத்தியில் உள்ள நாரை உலர்ந்த பிளம், பேரீச்சம்பழம், உலர்திராட்சை ஆகியவற்றிலிருந்தும் பெறலாம். தேன் மலச்சிக்கலை நீக்குவதற்கு இன்றியமையாத பொருளும் அன்று.

பல வித்துகள் கொண்ட கனிகளை விலக்கும் இல்லங்களும் உண்டு. அவ்வில்லத்தார் கொய்யாவுக்கு மாற்றாக வாழை, மாம்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி, ஆப்பிள் ஆகியவற்றைக் கொள்ளலாம். சாத்துக்குடியையும் ஆரஞ்சையும் பிழிந்து பருகாமல் சுளையாகவே மென்று உண்ண வேண்டும். நார் தங்கியிருப்பது சுளையின் மெல்லிய தோலில். பிழிந்து வடிகட்டினால் அது சக்கையோடு குப்பைக்குப் போகிறது. டம்ளரில் எஞ்சுவது சர்க்கரை நீரே.

வேர், கிழங்கு வகைகளையும் வெங்காயம், பூண்டு ஆகியவற்றையும் நீக்கியதால் நார் குறையுமோ என்று ஐயுறுவோர் உளர். உலக நலவாழ்வு அமைப்பு வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 25 கிராம் நாரையும் 400 கிராம் காய்கனிகளையும் பரிந்துரைக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்போர்க்கு 100 கிராம் பழம் என்று வகுத்துள்ளது. துவரை, பயறு, கொண்டைக்கடலை, கேழ்வரகு, அவரை, புடலை, வெண்டை, கீரை ஆகியவற்றோடு இருவேளை கனியும் சேர்ந்தால் அந்த 25 கிராம் எட்டக்கூடியதே. குறை வேர்க்காய் இல்லாமையில் இல்லை. தீட்டிய வெள்ளரிசியையும் பலகாரத்தையும் மிகுத்து, காயையும் கனியையும் சுருக்குவதில்தான் உள்ளது.

அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பச்சைக் காய்கனிகளை விலக்குவோர், அந்நாள்களில் பயறு, பருப்பு வகைகளையும், தம் நோன்பு இடந்தருமாயின் உலர்பழங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். முன்னும் பின்னும் உள்ள நாள்களில் கனியைத் தவறாது உண்பவர்க்கு, இடையே ஒரு நாள் இல்லாமையால் கேடு நேராது.

கனியை அரிந்து பார்த்து உண்ணும் பழக்கத்தையும் விட்டுவிடலாகாது. மழைக்காலக் கொய்யாவிலும் மாம்பழத்திலும் பழ ஈ முட்டையிடுவதால் புழு தோன்றுவது இயல்பு. புறத்தே பழுதில்லாமல் தோன்றும் பழத்தினுள்ளும் அஃது இருக்கக்கூடும். ஆகவே முழுப்பழத்தைக் கடிக்காமல், கழுவி, அரிந்து, ஒளியில் நோக்கி உண்பது உயிர் ஓம்பும் அறத்திற்கும் உடல் ஓம்பும் தூய்மைக்கும் ஒருசேர உதவுகிறது.

நீரும் பொழுதும்

நார் மட்டும் போதாது. அதனுடன் நீரும் வேண்டும். போதிய நீரில்லாமல் நாரை மட்டும் மிகுத்தால் மலம் மேலும் இறுகக்கூடும். கதிரவன் மறைந்தபின் நீரும் பருகாத முதியோர்க்கு இதுவே முதன்மையான செய்தி. மார்கழியில் வடதமிழ்நாட்டில் மாலை 6 மணிக்கு முன்னரே பொழுது சாய்கிறது. நாள் முழுதும் வேலையில் மறந்துவிட்டு, மாலையில் அவசரமாக இரண்டு செம்பு நீரைக் குடிப்பது பயன் தராது. காய்ச்சி ஆறிய நீரைக் கண்ணெதிரே வைத்து, காலை முதல் மாலை வரை ஒன்றரை மணிக்கு ஒரு டம்ளர் என்று பகிர்ந்து பருகினால், நோன்பு காத்தும் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் பருகிவிடலாம். இதயம் அல்லது சிறுநீரகக் குறைபாட்டால் நீர் அளவு குறிக்கப்பட்டவர் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைக் கொள்ள வேண்டும்.

கதிரவன் மறைவதற்கு முன் உண்பதில் ஒரு தனி நன்மையும் உண்டு. உண்ட உடனே படுப்பதால் அமிலம் மேலெழுந்து நெஞ்சு எரிகிறது; படுப்பதற்கு 3 மணி நேரத்திற்கு முன்னரே உண்டு முடிக்குமாறு மருத்துவர் கூறுகின்றனர். இரவு உண்ணாமையைக் கடைப்பிடிப்போர்க்கு இது கேளாமலேயே கைகூடுகிறது.

காலை உணவுக்குப் பின் பெருங்குடல் இயல்பாகவே அசைகிறது. அவ்வேளையில் எழும் உந்துதலை அடக்காமல் உடனே கழிப்பறைக்குச் செல்லும் பழக்கமே பல மருந்துகளைவிட நன்று. மேல்நாட்டு இருக்கையில் அமர்வோர் காலடியில் ஒரு சிறு முக்காலியை வைத்துக்கொண்டால் குந்தி அமரும் நிலை ஓரளவு கிட்டும். ஆலயத்தை நாள்தோறும் வலம் வரும் நடையும் குடலுக்கு நலம் செய்யும்.

உணவுக்குப் பின் பழம் உண்டால் அது வயிற்றில் அழுகிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். இரைப்பையின் அமிலத்தில் பழம் அழுகுவதில்லை. மற்ற உணவோடு கலந்து சிறுகுடலுக்குச் செல்கிறது. வெறும் வயிற்றில்தான் உண்ண வேண்டும் என்னும் விதியும் இல்லை. எந்த வேளை இசைகிறதோ அந்த வேளை உண்ணலாம். நாள்தோறும் உண்பதே முக்கியம்.

இதுவரை பழமே உண்ணாதவர் ஒரே நாளில் அரைக்கிலோ உண்ணத் தொடங்கினால் வயிறு உப்பும். முதல் வாரம் ஒரு பழம், அடுத்த வாரம் இரண்டு என்று இரண்டு மூன்று வாரங்களில் கூட்டுவதே முறை. பல் இல்லாதோர்க்குப் பப்பாளி, கனிந்த வாழை, சப்போட்டா, இரவில் ஊறவைத்துக் காலையில் மசித்த உலர்திராட்சை ஆகியன ஏற்றவை.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

எல்லார்க்கும் எல்லாக் கனியும் பொருந்தா. நீரிழிவு உடையோர் பழத்தை அறவே நீக்க வேண்டியதில்லை. ஆனால் சாற்றைத் தவிர்த்து, கொய்யா, ஆப்பிள், பப்பாளி போன்றவற்றை ஒரு வேளைக்கு 100 கிராம் அளவில் கொள்வது நலம். சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு வாழைப்பழம், ஆரஞ்சு, உலர்பழங்கள், இளநீர் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத்தைத் தாக்கும் அளவுக்குக் குருதியில் உயரக்கூடும். நட்சத்திரப்பழம் அவர்களுக்கு நஞ்சாகவே அமையும். சிலர்க்கு மாம்பழம், ஆப்பிள், பேரி, தர்ப்பூசணி ஆகியன வயிற்று உப்பிசத்தையும் நோவையும் தரும். அவர்கள் வாழை, ஆரஞ்சு, பப்பாளி ஆகியவற்றுக்கு மாறிப் பார்க்கலாம். நெஞ்செரிச்சல் உடையோர்க்கு அன்னாசியும் புளிப்பு மிக்க ஆரஞ்சும் ஒவ்வாமல் போகலாம்.

தசலட்சணப் பருவத்தில் தொடர் உபவாசம் மேற்கொள்வோர் பாரணையில் பொறுமை காக்க வேண்டும். பல நாள் உண்ணாதிருந்து திடீரெனப் பெருவுணவு கொண்டால், குருதியில் பாஸ்பேட், பொட்டாசியம் முதலிய உப்புகள் விரைந்து குறைந்து உயிருக்கே ஊறு நேரலாம். 5 நாளுக்கு மேல் நோன்பிருப்போரும், மெலிந்த முதியோரும் மருத்துவர் அறிவுரையோடு சிறுகச் சிறுக உணவைத் தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், நோன்பு தொடங்கும் முன்னரே அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் இன்றியமையாதது.

இறுதியாக ஒரு செய்தி. இவ்வுரையில் நினைவில் கொள்ளத்தக்கவற்றுள் முதன்மையானது இதுவே. மலத்தில் குருதி கலத்தல், மலம் தார்போல் கருத்தல், காரணமின்றி உடல் மெலிதல், சோகை, விழுங்குவதில் தடை, ஓயாத வாந்தி, நெடுநாள் இருந்துவந்த மலப்போக்கு நடுவயதுக்குப் பின் திடீரென மாறி வாரக்கணக்கில் நீடித்தல் ஆகியவை கனியால் தீர்வன அல்ல. இவற்றுள் ஒன்று தோன்றினும், 'மூலம்தான், பப்பாளி உண்டால் சரியாகிவிடும்' என்று காலம் தாழ்த்தலாகாது. பெருங்குடற் புற்றுநோயை முதல் நிலையிலேயே கண்டறிந்தால் குணப்படுத்த இயலும். மறைத்து வைத்துப் பிந்திக் கண்டறிந்தால் அவ்வாய்ப்பு சுருங்குகிறது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும். அதையும் மருத்துவரே பிரித்தறிய வேண்டும்.

ஆகவே ஒவ்வோர் இல்லத்திலும் இளையோர் தம் தாத்தா, பாட்டியிடம் ஒரு கேள்வியைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்: வயிறு சீராக இருக்கிறதா? அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள். அவ்வாறு கேட்டறிந்து, அவர்தம் நோன்புக்கு இசைந்த ஒரு பழத்தை அரிந்து பார்த்துத் தட்டில் வைத்து, அருகே ஒரு செம்பு காய்ச்சி ஆறிய நீரையும் பொழுது சாயும் முன் வைப்பது இல்லறத்தார் செய்யத்தக்க எளிய தொண்டு.

கனி செரிமானத்திற்குத் துணை செய்யுமா என்னும் வினாவிற்கு விடை இதுவே. முழுப்பழமாக, நாள்தோறும், போதிய நீரோடு, உடலுக்கும் நோன்புக்கும் ஏற்பத் தேர்ந்து உண்டால் கனி மலச்சிக்கலைத் தணிக்கும்; அதனால் முதியோரின் வாழ்வு இலகுவாகும். பிணியை மறைக்கும் திரையாக மட்டும் அதைக் கொள்ளலாகாது. நோன்பையோ உடலையோ விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை இதில் யாண்டும் இல்லை.

அனைவரும் நோயற்று வாழ்க.